பாடத்திட்டத்தில் இல்லாத 91ஆம் பிரிவு: ஆல்பர்ட்டாவின் தலைமையாசிரியர் முதல்வர்

1935 ஆகஸ்ட் 22. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வாக்கு எண்ணி முடித்தபோது 63 இடங்களில் 56 ஒரே கட்சியின் கையில் இருந்தன. அதுவரை சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத சோஷியல் கிரெடிட் கட்சி அது. 14 ஆண்டுகள் ஆண்டிருந்த விவசாயிகள் கட்சியான யுனைடெட் ஃபார்மர்ஸுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. லிபரல்களுக்கு 5, கன்சர்வேட்டிவ்களுக்கு 2. வென்ற கட்சியின் தலைவரோ தேர்தலில் நிற்கவே இல்லை. அவர் கால்கரி நகரத்தின் கிரெசன்ட் ஹைட்ஸ் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார், 56 வயது வில்லியம் அபர்ஹார்ட்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மதப் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். 'பைபிள் பில்' (வில்லியமின் சுருக்கம் பில்) என்ற பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். ஆனால் அவருடைய ஏற்றத்தையும் சறுக்கலையும் புரிந்துகொள்ள அதைவிட நல்ல சாவி அவருடைய தொழில். அவரை வெற்றிபெற வைத்தவை எல்லாம் ஒரு வாத்தியாரின் கைப்பழக்கங்கள். அவரைக் கவிழ்த்ததும் வாத்தியார் பழக்கம் ஒன்றுதான்: பாடப் புத்தகத்தில் இருப்பதைப் பிசகில்லாமல் நடத்திவிட்டால் விடை சரியாக வந்துவிடும் என்ற நம்பிக்கை.

பள்ளியும் வானொலியும்

1878 டிசம்பர் 30 அன்று ஒன்டாரியோ மாகாணத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்து, பிரான்ட்ஃபர்டு நகரத்தில் வேலைபார்த்து, அங்கேயே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். 1910இல் கால்கரிக்கு வந்தார். வேலையில் இருந்தபடியே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் வெளிமாணவராகப் படித்து 1911இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். 1915 முதல் மாகாண முதல்வராகும் வரை, 20 ஆண்டுகள், கிரெசன்ட் ஹைட்ஸ்தான் அவர் இடம்.

அங்கே அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பதில் பழைய மாணவர்கள் சொன்னதும் கல்வித் துறையினர் சொன்னதும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. கண்டிப்பானவர். ஒழுங்குபடுத்துவதில் கெட்டிக்காரர். கணக்கைப் படிப்படியாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாய்பாடு கொடுத்து, பொதுத்தேர்வில் மாணவரைத் தேற வைத்துவிடுவார். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று குடைகிற மாணவருக்கு அவ்வளவாகத் தீனி கிடைக்காது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு வேலைக்கு ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். பைபிள் வகுப்பு எடுப்பார். கூட்டம் தேவாலயத்தில் கொள்ளாமல் போனதும் திரையரங்கத்தை வாடகைக்குப் பிடித்தார். 1925இல் கால்கரி வானொலி நிலையமான சி.எஃப்.சி.என். அவர் பேச்சை ஒலிபரப்பத் தொடங்கியது. புல்வெளி மாகாணங்களில் பனிக்காலத்தில் பக்கத்துப் பண்ணைக்குப் போவதே பெரும்பாடு. அந்த வீடுகளுக்குள் வாராவாரம் ஒரே குரல் போய்ச் சேர்ந்தது. 1927இல் நன்கொடை திரட்டி 'கால்கரி புரொபெடிக் பைபிள் இன்ஸ்டிட்யூட்' என்ற கட்டடத்தையே எழுப்பிவிட்டார். அதன் முதல் மாணவர் சஸ்காச்சவன் மாகாணத்துப் பண்ணைப் பையன் எர்னஸ்ட் மேனிங். வானொலியில் கேட்டுவிட்டு வந்தவர், அபர்ஹார்ட் வீட்டிலேயே தங்கிப் படித்தார்.

பேச்சோடு அவர் நிறுத்தவில்லை. வானொலி ஞாயிறு பள்ளி என்று ஒன்று நடத்தினார். பாடத்தாள் தபாலில் போகும். குழந்தைகள் விடை எழுதி அனுப்புவார்கள். திருத்தி மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, 1932க்குள் அவர் கையில் மூன்று பொருள்கள் தயாராக இருந்தன: ஒரு குரல், ஒரு கட்டடம், ஆயிரக்கணக்கான வீடுகளின் தபால் முகவரி. கட்சி மட்டும்தான் பாக்கி.

விடைத்தாள் திருத்தப் போன இடத்தில்

1932 கோடையில் 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்த எட்மன்டன் போயிருந்தார். அங்கே சார்ல்ஸ் ஸ்கார்பரோ என்ற வேதியியல் ஆசிரியர் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். மேஜர் சி.எச். டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் பொருளாதாரக் கொள்கையை மாரிஸ் கோல்பர்ன் என்ற நடிகர் எளிமையாக எழுதியிருந்த புத்தகம். அபர்ஹார்ட் ஒரே மூச்சில் படித்து முடித்தார் என்பார்கள்.

காலத்தைப் பார்க்க வேண்டும். 1929இல் புஷல் என்ற தானிய அளவுக்கு 1 டாலருக்கு மேல் விற்ற கோதுமை, 1932 இறுதியில் 40 சென்ட்டுக்கும் கீழே போயிருந்தது. விளைச்சல் இருந்தது, வாங்க ஆளில்லை. அவர் பள்ளியில் தேறி வெளியே போன பிள்ளைகளுக்கு வேலை இல்லை. கிராமப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் பாக்கி.

டக்ளஸ் சொன்னது இதுதான். ஒரு தொழிற்சாலை கொடுக்கும் பணம் இரண்டு வகை. கூலி, சம்பளம், லாபப் பங்கு என்று மனிதர் கைக்குப் போவது 'ஏ'. மூலப்பொருள், வங்கிக் கட்டணம் என்று வேறு நிறுவனங்களுக்குப் போவது 'பி'. பொருளின் விலையில் இரண்டும் அடக்கம். வாங்குகிறவர் கையிலோ 'ஏ' மட்டும்தான் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவுக்குக் கூலி 2 டாலர், தோலுக்கும் மற்றதுக்கும் 3 டாலர் என்றால் விலை 5. தொழிலாளிகள் கையில் 2. மீதி 3 டாலருக்கு யார் வாங்குவது? அந்த இடைவெளியை அரசு புதுக் கடன்வரவாக (கிரெடிட்டாக) உண்டாக்கி மக்களுக்குப் பங்குத்தொகையாகக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் சோஷியல் கிரெடிட்.

கரும்பலகையில் எழுதினால் கச்சிதமாக இருக்கும். ஓட்டை எங்கே என்றால், அந்த 3 டாலர் ஆவியாகிப் போவதில்லை. தோல் பதனிடுகிறவருடைய கூலியாக, மாடு வளர்த்தவருடைய வரும்படியாக அது வேறோர் இடத்தில் 'ஏ' ஆகிவிடுகிறது. காலதாமதம் உண்டு, மந்தக் காலத்தில் பணம் முடங்குவதும் உண்டு. ஆனால் நிரந்தரமான இடைவெளி என்று ஒன்று இந்தக் கணக்கிலிருந்து வராது. கணக்கு வாத்தியார் ஒருவர் இதைத் தவறவிட்டது வேடிக்கைதான். சூத்திரத்தின் வேரைக் குடையாத பழக்கம் இங்கே வந்து நிற்கிறது.

வெற்றிக்கான வேலைத்திட்டம்

அபர்ஹார்ட் கட்சி கட்டியது கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது போலத்தான். முதலில் பாடம்: டக்ளஸின் எழுத்தைச் சுருக்கித் துண்டுப் பிரசுரமாகப் போட்டார். லண்டனில் இருந்த டக்ளஸின் ஆட்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சச்சரவில் 1934 தொடக்கத்தில் அபர்ஹார்ட் இயக்கத் தலைமையிலிருந்து விலகினார். அவருடைய ஆதரவாளர்கள் விடுவதாக இல்லை, சீக்கிரமே திரும்பி வந்தார். அடுத்து வகுப்பறை: ஊருக்கு ஊர் படிப்பு வட்டங்கள். வீட்டுக்கூடத்தில், பள்ளியில், தேவாலய அடித்தளத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடிப் படிப்பார்கள். பேச்சாளர்களுக்கு அவரே பயிற்சி கொடுத்தார். கோடை விடுமுறையில் மேனிங்கை அழைத்துக்கொண்டு காரில் சுற்றி, ஒரு நாளில் பல ஊர்களில் பேசினார்.

பாடம் சலிக்காமல் இருக்க நாடகமும் உண்டு. 1935இல் வானொலியில் 'செவ்வாய்க் கிரகத்து ஆள்' என்ற தொடர் வந்தது. செவ்வாயிலிருந்து வந்தவர் ஆல்பர்ட்டாவைச் சுற்றிப் பார்ப்பார். களஞ்சியம் நிறையக் கோதுமை, வாசலில் பசித்த மனிதன். "இது என்ன கூத்து?" என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் ஆளாளுக்கு உளறுவார்கள். எந்தப் பொருளாதார நிபுணரின் மறுப்பும் இதன் அருகே நிற்க முடியவில்லை.

அதே ஆண்டில் நீல அட்டை போட்ட கையேடு வந்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில். தேர்வுக்கு முந்தின நாள் மாணவன் கையில் இருக்கும் நோட்ஸ் மாதிரி. அதில்தான் ஒவ்வொரு வயதுவந்த குடிமகனுக்கும் மாதம் 25 டாலர் என்ற தொகை இருந்தது. உதாரணத்துக்குச் சொன்ன எண் என்று அபர்ஹார்ட் பிற்பாடு விளக்கிப் பார்த்தார். 25 டாலரைக் காதில் வாங்கிய வீட்டில் 'உதாரணத்துக்கு' என்ற சொல் ஏறவில்லை.

வேட்பாளர் தேர்விலும் தலைமையாசிரியர் முறைதான். ஒவ்வொரு தொகுதி மாநாடும் மூன்று நான்கு பெயர்களை எழுதி அனுப்ப வேண்டும். அபர்ஹார்ட்டும் அவர் நியமித்த ஆலோசனைக் குழுவும் அவர்களைக் கூப்பிட்டு நேர்காணல் நடத்தி ஒருவரைப் பொறுக்குவார்கள். இதனால் கட்சிக்கு ஒழுக்கமான முகங்கள் கிடைத்தன. ஆசிரியர்கள், விவசாயிகள், சிறு வணிகர்கள். சட்டமன்ற அனுபவம் உள்ளவர் யாருமில்லை. அனுபவசாலி உள்ளே வந்து கேள்வி கேட்கிற வாய்ப்பையும் அந்த வடிகட்டி எடுத்துவிட்டது.

எதிர்த்தரப்பு தானாகவே சரிந்து கிடந்தது. முதல்வர் ஜான் பிரவுன்லீ தனிவாழ்க்கை தொடர்பான வழக்கு ஒன்றில் சிக்கி 1934இல் பதவி விலகியிருந்தார். அடுத்து வந்த ரிச்சர்ட் ரீட், மக்கள் மனத்தைப் பார்த்து டக்ளஸையே அரசின் ஆலோசகராக நியமித்தார். அது எதிராளியின் பாடப் புத்தகத்தை அரசே அச்சடித்துக் கொடுத்த கதையாகிவிட்டது. 1935 ஜனவரியில் யுனைடெட் ஃபார்மர்ஸ் மாநாடு சோஷியல் கிரெடிட்டை நிராகரித்த பிறகுதான் தனிக்கட்சியாக நிற்பது என்று அபர்ஹார்ட் இறங்கினார். எட்டு மாதத்தில் ஆட்சி.

முதல்வர் பதவியேற்றது செப்டம்பர் 3. ஓகோடாக்ஸ்-ஹை ரிவர் தொகுதியில் வென்றவர் பதவி விலகி வழிவிட, நவம்பரில் இடைத்தேர்தல் மூலம் சட்டமன்றத்துக்குள் வந்தார். கல்வித் துறையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 26 வயது மேனிங் அமைச்சரானார்.

18 மாதக் கெடு

ஆல்பர்ட்டாவின் மக்கள்தொகை அப்போது 7.7 லட்சம் அளவில். வயதுவந்தோர் 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 25 டாலர் வீதம் மாதம் 1 கோடி டாலர், ஆண்டுக்கு 12 கோடி. மாகாண அரசின் ஆண்டு வருவாய் 2 கோடியைத் தொடவில்லை. அந்த வருவாயிலும் பெரும்பகுதி பழைய கடனுக்கு வட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆக 12 கோடியைப் புதிதாக உண்டாக்கியாக வேண்டும். இங்கேதான் முட்டியது. 1867ஆம் ஆண்டுக் கனடாச் சட்டத்தின் 91ஆம் பிரிவு நாணயம், வங்கி, வட்டி, செல்லுபடியாகும் பணம் எல்லாவற்றையும் ஒட்டாவா மைய அரசுக்குத் தனியுரிமையாகக் கொடுத்திருக்கிறது. மாகாணத்துக்கு அதில் கை வைக்க இடமில்லை. தேர்தலுக்கு முன்பே எதிராளிகள் இதைச் சொல்லியிருந்தார்கள். அபர்ஹார்ட் அதைப் பேச்சில் கடந்துபோனார். பின்னால் நடந்த ஒவ்வொரு முறிவையும் பிரித்துப் பார்த்தால் அடியில் இந்த ஒரே பிரிவுதான் கிடக்கிறது.

18 மாத அவகாசம் கேட்டார். வந்ததும் செய்த முதல் வேலை அவருடைய தொண்டர்களைத் திகைக்க வைத்தது: மான்ட்ரியாலிலிருந்து ராபர்ட் மேகர் என்ற நிதி நிபுணரைக் கூப்பிட்டார். கஜானா காலி. சம்பளம் போட வேண்டும். ஒட்டாவா கடன் தரத் தயார், ஆனால் மாகாணத்தின் கடன்களைக் கண்காணிக்கும் குழுவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. மறுத்தார். 1936 ஏப்ரல் 1 அன்று முதிர்ந்த 32 லட்சம் டாலர் கடன்பத்திரத்துக்குப் பணம் கொடுக்கவில்லை. அப்படித் தவறிய முதல் கனடிய மாகாணம் ஆல்பர்ட்டா. பிறகு எல்லாக் கடன்பத்திரங்களுக்கும் வட்டியைப் பாதியாக வெட்டினார். அவமானம்தான். ஆனால் வரவு செலவுக்கு மூச்சு விட்டதும் இதனால்தான் என்பதை அவருடைய எதிரிகள் எழுதுவதில்லை.

104 முத்திரைத்தலை

அடுத்து வந்தது 'செழிப்புச் சான்றிதழ்'. 1936 ஆகஸ்ட். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது, ஏனென்றால் திட்டத்தின் பிழை அந்தக் காகிதத்தின் முதுகிலேயே தெரியும்.

முன்பக்கம் 1 டாலர். பின்பக்கம் 104 கட்டங்கள், அதாவது இரண்டு ஆண்டின் வாரங்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ அவர் அரசின் 1 சென்ட் முத்திரைத்தலை ஒன்றை வாங்கிக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் செல்லாது. 104 கட்டமும் நிரம்பினால் அரசு 1 டாலர் ரொக்கம் தரும். அதற்குள் அரசுக்கு 1.04 டாலர் வந்திருக்கும். தலைக்கு விலை இருப்பதால் யாரும் பதுக்க மாட்டார்கள், பணம் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பது எண்ணம். சில்வியோ கெசெல் என்ற ஜெர்மானியரின் யோசனை அது. டக்ளஸின் கொள்கைக்கும் இதற்கும் உறவில்லை.

சாலை வேலை செய்த நிவாரணத் தொழிலாளர்களுக்கு இதில் கூலி கொடுத்தார்கள். நடந்தது என்னவென்றால், திங்களும் செவ்வாயும் எல்லோரும் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். செவ்வாய் மாலை கடைக்காரர் கல்லாவில் போய்ச் சேர்ந்தது. புதன் காலை தலை வாங்கும் செலவு அவர் தலையில். வெளிமாகாணத்து மொத்த வியாபாரிக்கு அவர் இதைக் கொடுக்க முடியாது. வங்கியும் தொடாது. வணிகர்களைச் சமாதானப்படுத்த, இரண்டு ஆண்டு காத்திருக்காமல் இடையிலேயே ரொக்கமாக மாற்றித் தருகிறோம் என்று அரசு இறங்கி வந்தது. அந்தக் கணமே திட்டம் செத்தது. சான்றிதழ்கள் ஊரைச் சுற்றுவதற்குப் பதிலாக நேரே கஜானாவுக்குத் திரும்பின. 1937 ஏப்ரலில் மூடிவிட்டார்கள்.

விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. 1932 ஜூலை 1க்குப் பிறகு கட்டிய வட்டியை எல்லாம் அசலில் கழிக்க வேண்டும் என்றது. வட்டி மைய அரசின் பட்டியலில் இருக்கிறது. 1937 தொடக்கத்தில் நீதிமன்றம் அதை அடித்துவிட்டது.

வகுப்பு எழுந்து நின்றது

1937 பிப்ரவரி இறுதியில் வாத்தியார் வானொலியில் ஒப்புக்கொண்டார்: 18 மாதம் முடிகிறது, பங்குத்தொகை தர முடியவில்லை. நிதியமைச்சர் சார்ல்ஸ் காக்ராஃப்ட் ஏற்கெனவே விலகியிருந்தார். மார்ச் மாதம் சொந்தக் கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களில் (அமைச்சர் பதவி இல்லாதவர்கள்) ஏறத்தாழ பாதிப் பேர் அவருக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள். வரவுசெலவுத் திட்டம் சட்டமன்றத்தில் நின்றுபோனது. இவர்கள் கொள்கையை விட்டு ஓடியவர்கள் அல்ல. பாடத்தை அவரைவிட அதிகமாக நம்பியவர்கள். "நீங்கள் சொல்லிக்கொடுத்ததைச் செய்யுங்கள்" என்பதே அவர்கள் கோரிக்கை. படிப்பு வட்டத்தில் வளர்ந்த கட்சிக்கு அந்த வடிவத்தில் மட்டும்தான் கலகம் வர முடியும்.

சமரசமாக, ஐந்து பின்வரிசை உறுப்பினர்களைக் கொண்ட சோஷியல் கிரெடிட் வாரியம் அமைந்தது. தலைவர் கிளென்வில் மக்லாக்லன். அவர் இங்கிலாந்து போய் டக்ளஸைக் கூப்பிட்டார். டக்ளஸ் வரவில்லை. எல்.டி. பர்ன், ஜி.எஃப். பவல் என்ற இருவரை அனுப்பினார். அவர்கள் எழுதிக்கொடுத்த வங்கிக் கட்டுப்பாட்டு மசோதாக்கள் மூன்று 1937 ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறைவேறின.

துணைநிலை ஆளுநர் ஜான் போவன் ஒப்புதல் தரும் முன், சட்டத் துறை அமைச்சர் ஜான் ஹியூகிலைப் பார்த்து, ஒரு வழக்கறிஞராக இவை அரசமைப்புக்கு உட்பட்டவை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். ஹியூகில் இல்லை என்று சொல்லிவிட்டார். பொறுப்பு என்னுடையது என்றார் பக்கத்தில் நின்ற அபர்ஹார்ட். கையெழுத்து விழுந்தது. அன்றே ஹியூகிலிடம் ராஜினாமா கேட்கப்பட்டது. அதன் பிறகு சட்டத் துறையையும் அபர்ஹார்ட்டே எடுத்துக்கொண்டார். சட்டம் படிக்காத சட்டத் துறை அமைச்சர். ஆகஸ்ட் 17 அன்று மைய அரசு மூன்று சட்டங்களையும் ரத்து செய்தது.

இலையுதிர் காலத்தில் மறுபடியும் மூன்று மசோதாக்கள். வங்கிகளுக்குக் கடுமையான வரி ஒன்று. கடன்வரவுக் கட்டுப்பாடு ஒன்று. மூன்றாவது, பத்திரிகைகள் மீது. செய்தி தவறு என்று வாரியத் தலைவர் சொன்னால் அரசின் திருத்தத்தை அதே அளவில் வெளியிட வேண்டும். செய்தி தந்தவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் கேட்டால் கொடுக்க வேண்டும். மறுத்தால் பத்திரிகையையே நிறுத்தலாம். விடைத்தாளில் சிவப்பு மையால் திருத்துகிற உரிமையை அரசுக்குக் கேட்டது போலத்தான் இருக்கிறது. பத்திரிகைகள் தொடக்கத்திலிருந்தே அவரைக் கிழித்தெடுத்தன என்பதும் உண்மை. 1935லேயே கால்கரி ஹெரால்டை வாங்காதீர்கள் என்று அவர் வானொலியில் சொன்னார்.

இந்த முறை போவன் கையெழுத்துப் போடாமல் ஒட்டாவாவின் முடிவுக்கு அனுப்பிவைத்தார். 1938 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றையும் அதிகார வரம்பு மீறியவை என்றது. தலைமை நீதிபதி லைமன் டஃப், தடையற்ற பொது விவாதம் இல்லாமல் நாடாளுமன்ற ஆட்சி மூச்சுவிட முடியாது என்ற பொருளில் எழுதிய பகுதி, எழுதப்படாத உரிமைகள் பற்றிய கனடிய சட்ட வாதங்களில் நெடுங்காலம் மேற்கோளாக வாழ்ந்தது. மசோதாவை எதிர்த்துப் போராடியதற்காக எட்மன்டன் ஜர்னலுக்கு அந்த ஆண்டு புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்த விருது போனது அதுவே முதல் முறை.

இதற்கு நடுவில் இன்னொன்று. வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டால் உறுப்பினரைத் திரும்பப் பெறலாம் என்று 1936இல் அவர் அரசே சட்டம் போட்டிருந்தது. 1937இல் அந்தச் சட்டத்தின் கீழ் கையெழுத்து திரண்டது அவருடைய ஓகோடாக்ஸ்-ஹை ரிவர் தொகுதியில்தான். சட்டத்தை முன்தேதியிட்டு ரத்து செய்துவிட்டார்கள். அவர் வாழ்க்கையில் மிகவும் மலிவான செயல் இது என்பது இந்த ஆய்வின் கருத்து. மற்றவற்றுக்கு நம்பிக்கை, அறியாமை என்று ஏதாவது சாக்கு உண்டு, இதற்கு இல்லை. 1938இல் ஆளுநர் போவனின் அரசு மாளிகையை மூடி அவரை வெளியேற்றியதை இதற்கடுத்து வைக்கலாம்.

தன் தொழிலில் அவர்

இப்போது கல்வித் துறைக்கு வருவோம். இதே ஆண்டுகளில், இதே ஆள்.

அன்றைய ஆல்பர்ட்டாவில் 3,700க்கும் மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள். பெரும்பாலானவை ஓரறைப் பள்ளிகள். சில மைல் நீளம், சில மைல் அகலம், நடுவில் ஒரு பள்ளி, மூன்று அறங்காவலர்கள், அவர்களே வரி போடுவார்கள், அவர்களே ஆசிரியரை வைப்பார்கள், நீக்குவார்கள். வறட்சி வந்த வட்டாரத்தில் வரி வராது. வரி வராவிட்டால் சம்பளம் வராது. சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 840 டாலர், அதுவும் கடன்சீட்டாகவே நின்றுவிடும். ஒரு வட்டாரம் செழிப்பாக இருக்க, வேலி தாண்டினால் பள்ளி மூடிக் கிடக்கும்.

இதை மாற்ற முந்தைய அரசின் கல்வி அமைச்சர் பெரன் பேக்கர் 1929இல் முயன்றார். கிராமத்து எதிர்ப்பில் மசோதாவைச் சுருட்டிவிட்டார். அபர்ஹார்ட் 1936இல் பள்ளிக் கோட்டச் சட்டத்தை நிறைவேற்றினார். பல பத்து வட்டாரங்களைச் சேர்த்து ஒரு கோட்டம். கோட்டத்தை உட்பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். வரி விகிதமும் ஆசிரியர் நியமனமும் கோட்டத்துக்குப் போகும். பழைய உள்ளூர்க் குழு கலையாது, யோசனை சொல்லும் அளவில் நிற்கும். 1937 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்து, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 50 கோட்டங்களாக மாகாணம் முழுவதும் பரவியது.

ஊரில் எதிர்ப்பு இருந்தது. வாக்கெடுப்பு நடத்தவில்லை என்ற கோபம் நியாயமானதே. ஆனால் இங்கே அவர் செய்த வரிசையைப் பாருங்கள். மாகாணத்தின் முழு அதிகாரத்துக்குள் வரும் துறை. 56 பேர் பின்னால் நிற்கும் பெரும்பான்மை. துணை அமைச்சர் ஃபிரெட் மக்நாலி போன்ற, முந்தைய ஆட்சியிலிருந்தே திட்டத்தை வரைந்து வைத்திருந்த அதிகாரிகள், அவர்களை நீக்காமல் வேலை செய்யவிட்ட பக்குவம். நோயை வகுப்பறையில் நின்று பார்த்தவர் என்பதால் எந்தத் திருகாணி கழன்றிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சம்பளம் சீரானது. கோட்டம் மொத்தமாகப் பொருள் வாங்கியது. பண்ணைப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புக்குத் தங்க விடுதிகள் வந்தன.

ஆசிரியர் சங்கம் 20 ஆண்டு கேட்டும் கிடைக்காதவையும் இவர் காலத்தில் கிடைத்தன. 1936 திருத்தத்தால் ஆசிரியர்கள் அனைவரும் ஆல்பர்ட்டா ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது கட்டாயமானது. காரணமில்லாத வேலைநீக்கத்துக்கு எதிராகப் பாதுகாப்பும் கிடைத்தது. 1939இல் ஓய்வூதிய நிதி வந்தது. இவற்றில் எதையும் நீதிமன்றம் தொடவில்லை.

மிச்சம்

வங்கி நடத்த முடியாது என்றானபின் 1938இல் கருவூலக் கிளைகள் என்ற பெயரில் அரசுக் கிளைகளைத் திறந்தார். முதல் கிளை ராக்கி மவுன்டன் ஹவுஸ் என்ற சிற்றூரில். மக்கள் பணம் போடலாம், எடுக்கலாம். ஆல்பர்ட்டாவில் செய்த பொருளைக் கணக்கிலிருந்து சீட்டு மூலம் வாங்கினால் 3 சதவீதம் வரை ஊக்கத்தொகை. 'வங்கி' என்ற சொல்லைத் தொடாமல் 91ஆம் பிரிவைச் சுற்றிப் போன வழி இது. கட்டத்துக்கு 1 சென்ட் முத்திரைத்தலை கேட்ட ஆள், இரண்டே ஆண்டில் இவ்வளவு சாமர்த்தியம் கற்றிருந்தார். அந்த நிறுவனம் இன்றைக்கும் ஏ.டி.பி. ஃபைனான்ஷியல் என்ற பெயரில் மாகாண அரசின் உடைமையாக இயங்குகிறது.

1940 மார்ச் 21 தேர்தலில் லிபரல்களும் கன்சர்வேட்டிவ்களும் சேர்ந்து சுயேச்சைகளாக எதிர்த்தார்கள். 57 இடங்களில் சோஷியல் கிரெடிட்டுக்கு 36. அபர்ஹார்ட் பழைய தொகுதியை விட்டுக் கால்கரியில் நின்று வென்றார். பங்குத்தொகை தராமலே இரண்டாம் முறை ஆட்சி. பள்ளி, சாலை, கடனாளிப் பண்ணைகளைக் காப்பாற்றப் போட்ட சட்டங்கள் ஆகியவற்றுக்கு விழுந்த வாக்கு அது. எங்கள் வாத்தியாரை ஒட்டாவா செய்யவிடவில்லை என்ற கோபத்துக்கும் கொஞ்சம்.

1941இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருவதாகத் தெரிவித்தது. பட்டமளிப்பு உரையும் அவரே நிகழ்த்துவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் செனட் மறுத்துவிட்டது. துணைவேந்தர் நிலையில் இருந்த தலைவர் டபிள்யூ.ஏ.ஆர். கெர் வெட்கப்பட்டுப் பதவி விலகினார். அடுத்த ஆண்டு சட்டத்தைத் திருத்தி செனட்டின் அதிகாரத்தைக் குறைத்தார்கள். தபால்வழிப் படித்துப் பட்டம் வாங்கிய மனிதருக்கு அந்த அடி எப்படி இருந்திருக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1943 மே 23 அன்று, மகள்களைப் பார்க்கப் போன வான்கூவரில், கல்லீரல் நோயால் இறந்தார். வயது 64. முதல்வர், கல்வி அமைச்சர், சட்டத் துறை அமைச்சர் மூன்று நாற்காலியும் ஒரே நாளில் காலியாயின. 34 வயது மேனிங் முதல்வரானார், 1968 வரை இருந்தார். 1945இல் கடன்பத்திரக்காரர்களோடு கணக்கைத் தீர்த்தார். 1947இல் லெடுக் அருகே எண்ணெய் பீறிட்டது.

25 டாலர் கதைக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. எண்ணெய் உரிமத் தொகையிலிருந்து மேனிங் அரசு 1957இல் தகுதியுள்ள வயதுவந்த குடிமக்களுக்கு ஆளுக்கு 20 டாலர் கொடுத்தது. மறு ஆண்டு 17 டாலர் 50 சென்ட். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. அதோடு நிறுத்திவிட்டார்கள்.